ஓடையில் கிடைத்த சுருள் கல்

பார்த்தவர்கள் எல்லோரும் அதை நத்தை என்றுதான் சொன்னார்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார், பள்ளியில் உடன் வேலை செய்பவர்கள் சொன்னார்கள், பெரிய பட்டம் வாங்கிய ஒருவர் போனில் படத்தைப் பார்த்த உடனே சொன்னார். நத்தை இல்லை என்று ஆளாளுக்கு விளக்கி என் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். அது என்ன இல்லை என்பது எனக்குத் தெரியும். அது என்ன என்று கேட்டால் பதில் இல்லை. அந்த நிலைமையில் பல மாதம் இருந்தேன்.

நான் கல்லூரியில் நிலவியல் படித்தவள். படிப்பு முடிந்ததும் வெளிமாநிலத்தில் ஒரு சுரங்கத்தில் வேலைக்குப் போக வாய்ப்பு வந்தது. வீட்டில் அனுப்பவில்லை. கல்யாணம் செய்து கூட்டேரிப்பட்டுக்கு அனுப்பினார்கள். அதன்பிறகு பி.எட். முடித்து, திண்டிவனத்தில் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாகச் சேர்ந்தேன். தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். பாடப்புத்தகத்தில் பாறைகளைப் பற்றி வரும் சில பக்கங்களை மற்றவர்கள் ஒரே வகுப்பில் முடித்துவிடுவார்கள். நான் ஒரு வாரம் இழுப்பேன். நான் படித்ததற்கு என் வாழ்க்கையில் இருந்த இடம் அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் கூட்டுரோட்டில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். சுற்றுப்பட்டு ஊர்களில் கிணற்று மோட்டார் எரிந்துபோனால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். புயல் மழையில் ஏரி, ஓடை எல்லாம் உடைத்துக்கொண்டு ஓடிய வருடம், நீரில் மூழ்கிய மோட்டார்களைத் தூக்கிச் சரிசெய்ய ராத்திரி பகலாக அலைந்தார். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருவெண்ணெய்நல்லூரில் இருக்கும் என் நாத்தனார் வீட்டுக்குக் கிளம்பியபோது, போகிற வழியில் ஒரு கிணற்றைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றார். அது போகிற வழியே இல்லை. நேர் எதிர்த்திசையில், மயிலம் தாண்டி, திருவக்கரைப் பக்கம் போகும் சாலையில் உள்ளே தள்ளி இருந்த ஒரு ஊர். பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு குட்டியானை லோடு வண்டியில் அவர் பக்கத்தில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஊரின் பெயரை இங்கே எழுத முடியாத நிலையில் இருக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

கிணற்றுக்குச் சொந்தக்காரி ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அக்கா. கணவர் தவறிவிட்டார். மகன் சென்னையில் வேலை பார்க்கிறான். கரும்பும், இந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலையும் வைத்துத் தனியாளாக நிலத்தைப் பார்த்துக்கொள்கிறவர். மழையில் கரும்பு மொத்தமும் சாய்ந்து கிடந்தது. அந்த வேதனையிலும் எனக்கு ஒரு சொம்பில் மோர் கொடுத்துவிட்டு, என் வீட்டுக்காரரோடு கிணற்றோரம் போய் நின்றுகொண்டார். நான் பொழுது போகாமல் வரப்பிலேயே நடந்து நிலத்தை ஒட்டி ஓடும் ஓடைக்கு இறங்கினேன்.

வெள்ளம் கரையை அறுத்துக்கொண்டு போயிருந்தது. தண்ணீர் வடிந்து, கணுக்கால் அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. எங்கிருந்தோ பெயர்ந்துவந்த மஞ்சள் நிற மணற்பாறைத் துண்டுகள் நடுவில் கிடந்தன. அதில் ஒன்று, அம்மிக்கல் அளவு இருக்கும். அதன் ஒரு பக்கத்தில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு சுருள் புடைத்துக்கொண்டிருந்தது. சுற்று மேல் சுற்றாக, ஒரு திருகாணி போல. பாறைக்குள்ளிருந்து வந்து பாறைக்குள்ளேயே போயிற்று. நான் புடவை நனைவதையும் மறந்து தண்ணீரில் குந்திவிட்டேன்.

நத்தையாக இருந்தால் ஒரு முனை பெருத்து மறுமுனை சிறுத்துப் போக வேண்டும். இது முழுக்க ஒரே பருமன். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவே இடைவெளி இருந்தது. அதில் மணற்பாறை நிறைந்திருந்தது. இவ்வளவும் அங்கேயே தெரிந்துவிட்டது. நாத்தனார் வீட்டில் கிடா வெட்டிச் சமைத்துக்கொண்டிருந்தார்கள் என்பதும் நினைவில் இருந்தது. தாமதமானால் பேச்சு கேட்க வேண்டும், ஆனாலும் எழுந்திருக்க மனம் வரவில்லை.

கல்லை வண்டியில் ஏற்றச் சொன்னபோது என் வீட்டுக்காரர் நனைந்த என் பட்டுப்புடவையைப் பார்த்தார். பிறகு தூக்கினார். அந்த அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“துணி தொவைக்கவா இத்த எடுத்துக்கினு போற?” என்று கேட்டார்.

இல்லை, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் காட்ட என்றேன். சிரித்துக்கொண்டு, ஓடைக் கல்லுதானே, எடுத்துக்கோ என்றார்.

அந்தக் கல் எங்கள் சமையலறை ஜன்னலுக்குக் கீழே வந்து சேர்ந்தது. பள்ளி ஆய்வகத்திலிருந்து நீர்த்த அமிலம் கொஞ்சம் கொண்டுவந்து ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். பாறையில் சிதறிக் கிடந்த சிப்பித் துணுக்குகள், சுண்ணாம்பு என்பதால், நுரைத்தன. சுருள் நுரைக்கவில்லை. அதற்கு ஓடே இல்லை. மரவேர் கல்லாகியிருந்தால் உள்ளே நார் போன்ற அமைப்பு தெரியும். கல்லின் உடைந்த பக்கத்தில் தெரிந்த சுருளின் முனையை உருப்பெருக்கியில் பார்த்தேன். வெறும் மணல். சுற்றியுள்ள மணலைவிடக் கொஞ்சம் நைசான மணல், அவ்வளவுதான். பிறகு ஜன்னலைச் சாத்திவிட்டு, போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். சுருளின் மேல்பரப்பில் மெல்லிய கீறல்கள் தெரிந்தன. இரண்டிரண்டாக, சாய்வாக. எதுவோ ஒன்று நகத்தாலோ கொடுக்காலோ பறண்டிய மாதிரி.

அப்போதுதான் பழைய கல்லூரிப் பாடம் ஞாபகம் வந்தது. உயிரின் உடல் கல்லாவது ஒன்று. உயிர் செய்த வேலை கல்லாவது வேறு. நடந்த தடம், தோண்டிய வளை, ஊர்ந்த கோடு இவையெல்லாம் இரண்டாவது வகை. சுவடுப் புதைபடிவம் என்பார்கள். கல்லூரியில் அதற்கு ஒரே ஒரு வகுப்புதான் எடுத்தார்கள். அதில் பாதியை நான் தூங்கிக் கழித்திருப்பேன்.

படம் எடுத்து, பக்கத்தில் அளவுகோல் வைத்து, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் அனுப்பினேன். இணையத்தில் முகவரி கிடைத்த பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் எழுதினேன். பெரும்பாலும் பதில் வரவில்லை. வந்தவற்றில் ஒன்று நத்தை என்றது. இன்னொன்று, இது புதைபடிவமே அல்ல, ஆழ்துளைக் கிணறு போடும் இயந்திரத்தின் துளைப்பான் விட்ட தடம் என்றது. அதைப் படித்தபோது பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். வாய்விட்டு ஏதோ சொல்லிவிட்டேன் போல, முன்சீட்டில் இருந்த அம்மா திரும்பிப் பார்த்தார். போர் போட்டால் பள்ளம்தான் விழும், புடைத்துக்கொண்டா நிற்கும்? கீறல்களைப் பற்றி நான் ஒரு பத்தி எழுதியிருந்தேன். அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

பள்ளியில் விஷயம் பரவி, கல்லை அறிவியல் கண்காட்சியில் வைக்கலாம் என்று முதல்வர் கேட்டார். சந்தோஷமாகக் கொண்டுபோனேன். காலையில் போய்ப் பார்த்தால் அதன் முன்னால் ‘டைனோசர் காலத்துப் பாம்பு’ என்று பலகை எழுதி வைத்திருந்தார்கள். பாம்பு இல்லை மேடம் என்றேன். பெற்றோருக்குப் புரிகிற மாதிரி இருக்க வேண்டாமா என்றார் அவர். எனக்குத் தெரியாத ஒன்றுக்கு நீங்கள் எப்படிப் பெயர் வைத்தீர்கள் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. மாதச் சம்பளம் வாங்குகிறவள், கேட்கவில்லை. மாலையில் பியூன் ஒருவரைப் பிடித்து, கல்லை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

விழுப்புரத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கச் சொன்னார்கள். அரை நாள் விடுப்பு எடுத்துப் போனேன். உள்ளே இருந்தவர் மரியாதையானவர்தான், உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். படத்தைப் பார்த்துவிட்டு, கல்மரமா, கல்லாகிப்போன மரத்துண்டா என்றார். மரம் இல்லை சார் என்று ஆரம்பித்தேன். கல்மரம் என்றால் அதற்குத் திருவக்கரையில் பூங்காவே இருக்கிறதே, நேரில் போய்ப் பாருங்கள், நன்றாக இருக்கும் என்று வழி சொல்லி அனுப்பினார். எனக்குத் திருவக்கரைக்கு வழி சொல்கிறார்! திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு அழுகை வந்தது. கல்லுக்காக அழுகிறவள் உலகத்திலேயே நான் ஒருத்திதான் என்று நினைத்து, அதற்கும் சேர்த்து அழுதேன்.

கோடை நெருங்கும்போது ஒரு ஆராய்ச்சியாளரிடமிருந்து பதில் வந்தது. நான் எழுதிய மின்னஞ்சலைப் பேராசிரியர் ஒருவர் அவருக்கு அனுப்பி வைத்திருக்கிறார். முப்பது வயதுக்குள் இருக்கும் பெண். கடற்கரைச் சேற்றில் நண்டும் இறாலும் தோண்டும் வளைகளையும், அவற்றின் பழைய சுவடுகளையும் ஆராய்கிறவர். நேரில் வந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் தண்ணீர்கூடக் குடிக்காமல் சமையலறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கல்லை மடியில் சாய்த்துக்கொண்டு விரலால் தடவினார். என் வீட்டுக்காரர் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“கீறல் இருக்குன்னு எழுதியிருந்தீங்களே மேடம், அத பாத்துட்டுத்தான் வந்தேன்” என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காக அவருக்கு நான் அன்று கோழி அடித்துக் குழம்பு வைத்தேன்.

அவர் சொன்னது இதுதான். பெரும்பாலும் இது இறால் குடும்பத்தைச் சேர்ந்த ஏதோ ஒரு பிராணி, ஆழமில்லாத கடலின் அடிமணலில் திருகித் திருகி இறங்கித் தோண்டிய வளை. பிராணி போனபின் வளைக்குள் நைசான மணல் இறங்கி, எல்லாம் சேர்ந்து கல்லாகியிருக்கிறது. இப்படிப்பட்ட சுருள் வளை உலகத்தில் வேறு இடங்களில் உண்டு, இந்தப் பக்கத்தில் அவர் கேள்விப்பட்டதில்லை. எந்தப் பிராணி என்று கேட்டேன். அது எப்போதுமே தெரியாது என்றார். வீடு இருக்கும், குடியிருந்தவர் இருக்க மாட்டார். அதுவே எனக்கு ஏமாற்றம்தான். ஆனால் அதைவிடப் பெரியது அடுத்து வந்தது.

“‘பெரும்பாலும்’ங்கற வார்த்தைய எடுக்கணும்னா இது இருந்த இடத்த பாக்கணும் மேடம். பாறைல சுருள் நிமிர்ந்து நிக்குதா, படுத்துக்கிடக்குதா? எந்த அடுக்குல இருக்கு? இது ஓடைல உருண்டு வந்த கல்லு. இத மட்டும் வச்சு எழுதினா யாரும் ஒத்துக்கமாட்டாங்க.”

அடுத்த நாளே மூவரும் கிளம்பினோம். ஓடையைப் பார்த்ததும் எனக்கு இடம் மாறி வந்துவிட்டோமோ என்று சந்தேகம் வந்துவிட்டது. உடைந்த கரையைச் சரிசெய்ய ஜேசிபி விட்டு, ஓடையை அகலப்படுத்தி, இரண்டு பக்கமும் மண் கொட்டிச் சரிவு கட்டி, அதன்மேல் கருங்கல் பாவியிருந்தார்கள். ஊருக்கு நல்ல வேலைதான், அடுத்த வெள்ளத்துக்குக் கரும்பு தப்பும். ஆனால் வெள்ளம் அறுத்துக் காட்டிய பாறை அடுக்கு ஒரு சாண்கூட வெளியில் இல்லை. ஆராய்ச்சியாளர் வெயிலில் ஓடையோடு மேலும் கீழும் நடந்துவிட்டு வந்து, இங்கே திறந்த கிணறு ஏதாவது இருக்கிறதா, கிணற்றுச் சுவரில் அடுக்குகள் தெரியுமே என்றார்.

இருந்தது. அந்த அக்காவின் கிணறு. அகலமான பழைய கிணறு. மேலே கொஞ்சதூரம் கட்டுமானம், அதற்குக் கீழே வெட்டிய பாறை அப்படியே நிற்கும்.

அக்கா வரவேற்றார். வேகவைத்த மல்லாட்டை கொடுத்தார். ஆராய்ச்சியாளர் பையிலிருந்து சுத்தியலையும் கேமராவையும் எடுத்ததும் அவர் முகம் மாறியது. எதற்கு என்று கேட்டார். நான் முடிந்தவரை எளிமையாகச் சொன்னேன்.

“வேணாம்மா. கெணத்துக்கு யாரும் எறங்க வேணாம்.”

பார்க்கத்தான் போகிறோம், உடைக்க மாட்டோம் என்றேன்.

“நீ பாத்துட்டுப் போயிடுவ. எழுதுவீங்க. பேப்பர்ல வரும். அப்பால ஆபீசருங்க வந்து கம்பி வேலி போட்டுட்டா நான் எங்க போறது? கல்மரம் கெடைச்ச எடத்துல அப்படித்தான பண்ணாங்கன்னு எங்க மாமியா சொல்லிக்கினே இருக்கும். எனக்கு இருக்கறது இந்த நெலம் ஒண்ணுதான்.”

நான் ஆராய்ச்சியாளரைப் பார்த்தேன், அப்படி நடக்காது என்று அவர் சொல்வார் என்று. அவர் சொல்லவில்லை. நேர்மையானவர். தனியார் நிலத்தில் அவ்வளவு சுலபமாக எதுவும் செய்துவிட முடியாது, ஆனால் முக்கியமான இடம் என்று தெரிந்தால் பின்னால் யார் என்ன முடிவெடுப்பார்கள் என்று தன்னால் உத்தரவாதம் கொடுக்க முடியாது என்றார். என்னாலும் கொடுக்க முடியவில்லை. அக்கா, நீங்கள் தப்பாக நினைக்கிறீர்கள் என்று சொல்ல வாய் வரவில்லை, ஏனென்றால் அவர் நினைத்ததில் தப்பில்லை. எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? கிணறு நாலு எட்டு வைத்தால் வந்துவிடும் தூரத்தில் இருந்தது.

ஆராய்ச்சியாளர் கல்லை வாங்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பினார். வீட்டில் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் சண்டை. நீங்கள் எத்தனை தடவை அந்தக் கிணற்றில் இறங்கியிருக்கிறீர்கள், போனில் ஒரு படம் எடுத்துவந்தால் என்ன என்றேன்.

“அவங்க என்ன நம்பி கெணத்துல எறங்க வுட்றாங்க” என்றார். “உனக்கு கல்லு முக்கியம், சரி. நான் நாளைக்கும் அவங்க மொகத்துல முழிக்கணும்.”

அந்த வாரம் முழுக்க சமையலில் உப்பும் காரமும் தாறுமாறாக இருந்தது. அவர் தட்டை வழித்துச் சாப்பிட்டார், அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

வெயில் உச்சத்துக்கு வந்து கிணறுகள் வற்றிய சமயம், அந்த அக்காவின் மோட்டார் எரிந்துவிட்டது. பள்ளி விடுமுறை. நீயும் வாயேன், அக்கா உன்னைக் கேட்டார்கள் என்றார் வீட்டுக்காரர். எனக்குப் போக விருப்பமில்லை. போனேன். கிணற்றுப் பக்கம் திரும்பாமல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டேன். அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்சநேரம் கரும்பு வெட்டு ஆள் கிடைக்காத பேஜாரைப் பற்றிப் பேசினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“நீ வந்து சொன்னதுலேர்ந்து தண்ணி கொறைய கொறைய அத்தத்தான் பாத்துக்கினு இருக்கேன். செவுத்துல சுருட்டி சுருட்டி என்னமோ நெறைய இருக்குது. கல்யாணம் ஆயி வந்ததுலேர்ந்து இந்த கெணத்துல தண்ணி எடுக்கறேன், ஒரு நாளும் கண்ணுல பட்டதில்ல. இப்ப தூக்கம் வர மாட்டேங்குது. எறங்கி பாத்துட்டு இன்னான்னு சொல்லு. எனக்கு மட்டும் சொல்லு. போன இங்க வச்சுட்டுப் போ.”

போனை அவர் கையில் கொடுத்தேன். யாரிடமும் இடத்தைச் சொல்ல மாட்டேன் என்று அவர் கேட்காமலே சொன்னேன். கிணற்றுக்குள் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்த கல்படிகளில் இறங்கினேன். கீழே மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, பாசி இருக்குது, பார்த்து கால் வை என்று மட்டும் சொன்னார்.

கட்டுமானம் முடிந்த இடத்துக்குக் கீழே சிப்பிகள் நெருக்கமாகக் கிடந்த ஒரு அடுக்கு. அதிலிருந்து கீழ்நோக்கி, மஞ்சள் மணற்பாறைக்குள், சுருள்கள். ஒன்றிரண்டு இல்லை. கிணற்றைச் சுற்றிலும், எல்லாமே நிமிர்ந்தபடி, ஒன்றுக்கொன்று இடம் விட்டு, திருகித் திருகி இறங்கியிருந்தன. சில இடத்தில் வளையின் வாய் சிப்பி அடுக்கில் திறந்திருந்தது தெரிந்தது. சிலவற்றின் அடிமுனை கொஞ்சம் அகன்று, உள்ளே இருந்த பிராணி திரும்பிக்கொள்ள இடம் செய்துகொண்ட மாதிரி இருந்தது. ‘பெரும்பாலும்’ என்ற வார்த்தைக்கு இனி வேலையே இல்லை. என் வாழ்க்கையில் எதையும் நான் அவ்வளவு தெளிவாகத் தெரிந்துகொண்டதில்லை. கையை வைத்துப் பார்த்தேன். ஈரமாக, சொரசொரப்பாக இருந்தது. நினைவில் பதிய வேண்டும் என்று சுருள்களை ஒவ்வொன்றாக எண்ணினேன், எண்ணிக்கை தப்பித் தப்பிப் போயிற்று.

மேலே வந்து அக்காவிடம் சொன்னேன். இங்கே முன்னொரு காலத்தில் கடல் இருந்தது, அதன் அடியில் இறால் மாதிரி ஒன்று வளை தோண்டிக் குடியிருந்தது, அந்த வளைகள்தான் இவை என்றேன். பாம்பு இல்லை, சாமிக்குற்றம் இல்லை, கிணற்றுக்கும் ஒன்றும் ஆகாது.

“எறா வளையா” என்றார். கொஞ்சம் யோசித்தார். “கடலு இருந்துச்சுன்னா தண்ணி ஏன் உப்பு கரிக்கல?”

கடல் எப்போதோ விலகிப் போய், உப்பெல்லாம் மழைத்தண்ணீரில் கரைந்து போயிருக்கும் என்று விளக்கினேன். கவனமாகக் கேட்டார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மோட்டார் எப்போது ரெடியாகும் என்று கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக் கேட்டார்.

ஆராய்ச்சியாளருக்கு அன்று மாலையே போன் செய்தேன். பார்த்துவிட்டேன், சுருள்கள் நிமிர்ந்து நிற்கின்றன, சிப்பி அடுக்கிலிருந்து இறங்குகின்றன என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் குரலில் எழுந்த உற்சாகத்தைக் கேட்டபோதுதான் எனக்கு மட்டும் சொல் என்று அக்கா கேட்டதும், நான் கொடுத்த வாக்கும் உறைத்தன. படம் அனுப்புங்கள் மேடம் என்றார். படம் இல்லை. எந்தக் கிணறு, அதே கிணறுதானே என்றார். அதைச் சொல்ல முடியாது, அது எந்தக் கிணறு என்று நீங்களாக நினைத்துக்கொண்டாலும் எழுதக் கூடாது என்றேன்.

“உங்க வார்த்தைய மட்டும் வச்சுகிட்டு நான் எப்படி மேடம் எழுதறது?” என்றார். கோபமாகத்தான் கேட்டார். அவர் இடத்தில் நான் இருந்தால் இன்னும் கோபப்பட்டிருப்பேன்.

பிறகு நாங்கள் இருவரும் அந்தப் பக்கத்தில் வேறு கிணறுகள் தேடினோம். பல கிணறுகளை மூடி போர் போட்டுவிட்டார்கள். சிலவற்றில் மேலிருந்து கீழ்வரை சிமென்ட் பூசியிருக்கிறது. ஒன்றில் சிப்பி அடுக்கு கிடைத்தது, சுருள் இல்லை. மழை வந்ததும் அக்காவின் கிணற்றில் தண்ணீர் ஏறி அந்த இடமும் மறைந்துவிட்டது என்று என் வீட்டுக்காரர் சொன்னார்.

கல் இப்போது ஆராய்ச்சியாளருடைய பல்கலைக்கழகத்தில் ஒரு அலமாரியில் இருக்கிறது. சுருள் வளையாக இருக்கலாம், கிடைத்த அடுக்கு தெரியவில்லை என்று குறித்து வைத்திருக்கிறார். அதைத் தவிர அவரால் வேறொன்றும் எழுத முடியாது. அது எனக்குப் புரிகிறது. இருந்தாலும் அந்த ‘இருக்கலாம்’ என்ற சொல் ஒவ்வொரு முறை நினைவுக்கு வரும்போதும் எனக்கு அதை அடித்துத் திருத்த வேண்டும் போல இருக்கிறது. அவ்வப்போது அவர் போன் செய்து அக்கா மனம் மாறினார்களா என்று கேட்பார். கொடுத்த வாக்கை நினைத்து நான் போய்க் கேட்பதில்லை. அதைச் சொன்னால் பெருமூச்சு விடுவார், பிறகு வேறு எதையாவது பேசுவோம்.